எள் போடாத முறுக்கு

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் தன் அலுவலகத்துக்குப் போய்ச்சேர உஷாராணிக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் அவள் கடைத்தெருவில்தான் இருப்பாள். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல், கட்டைவிரலாலேயே கடை கடையாக ஏறி இறங்குவாள். ஷா ஆலாம் ஸ்டேஷன் வருவதற்குள் ஒரு மிக்ஸி ஜாடி, சுபாங் ஜெயா தாண்டுவதற்குள் இரண்டு சுடிதார். எல்லாமே பார்சல் கைக்கு வந்த பிறகு காசு கொடுக்கும் வகைதான். பிடிக்காவிட்டால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடலாம். இதனால் யார் குடி முழுகிப்போகப் போகிறது என்பது அவள் எண்ணம்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தபோது அவள் கை முறுக்குப் பக்கம் போனது. போன வருடம் ஒரே ஆளை நம்பிச் சொல்லிவைத்த முறுக்கு, தீபாவளி முடிந்து மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தது. வந்த நாத்தனார் வாய் சும்மா இருக்குமா? பக்கத்துக் கடை பிஸ்கட்டைத் தின்றுகொண்டே ஒரு பாட்டம் பேசிவிட்டுப் போனாள். அந்தச் சூடு மறக்காத உஷாராணி இந்த முறை ஐந்து பேரிடம் ஆர்டர் கொடுத்தாள். எது முதலில் வருகிறதோ அதை வைத்துக்கொள்வது, மற்ற நாலையும் வாசலில் மறுத்துவிடுவது. அடேயப்பா, என்ன மூளை!

ஐந்து ஆர்டரிலும் ஒரு குறிப்பு போட்டாள். 'தயவுசெய்து எள் போட வேண்டாம். என் வீட்டுக்காரருக்கு ஆகாது.' அது பொய்யில்லை. எள் வாயில் பட்டாலே முகுந்தனுக்கு உதடு வீங்கிவிடும். ஒரு தீபாவளியன்று கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். குறிப்பை ஒரு தடவை எழுதி, ஐந்து இடத்தில் ஒட்டியதோடு அவள் அதை மறந்தே போனாள்.

அந்த ஐந்து பேரில் ஒருத்தி செமினியில் இருந்த வாணி. கையுறை பேக்டரி வேலையை விட்டுவிட்டு, ஒரு வருடமாக வீட்டிலேயே பலகாரம் சுட்டு போன் மூலம் விற்றுவந்தாள். கடை இல்லை, போர்டு இல்லை. கையிலிருந்த போன் ஒன்றே அவளுக்குக் கடைத்தெருவாக இருந்தது. செலாயாங்கிலும் காஜாங்கிலும் முகம் தெரியாத மனிதர்கள் அவள் கை முறுக்கைக் கேட்டு வாங்கினார்கள். அவளுக்கே நம்ப முடியவில்லை.

ஆனால் இந்தத் தீபாவளிக்கு ஆர்டர் குவிந்த வேகத்திலேயே பார்சல்கள் திரும்பவும் ஆரம்பித்தன. ஒரே வாரத்தில் ஏழு. திரும்பி வரும் முறுக்கு முறுக்காகவா வரும்? பொடியாகத்தான் வரும். அவள் புருஷன் விமலன் அந்தப் பொடியையே தினமும் காப்பியோடு தின்றான். அதைப் பார்க்கத்தான் அவளுக்கு வலித்தது. தீபாவளிக்குள் தேறாவிட்டால் பழைய பேக்டரிக்கே போய்விடுகிறேன் என்று அவளே வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். சூப்பர்வைசர் திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார். இன்னும் ஒரு பார்சல் திரும்பினால், வருகிறேன் என்று சொல்லிவிடுவதாக முடிவு கட்டியிருந்தாள்.

மிச்சமிருந்தது உஷாராணியின் ஆர்டர் ஒன்றுதான். வாணியின் முறுக்கு மாவில் எப்போதும் எள் உண்டு. இந்த ஒரு போத்தல் முறுக்குக்காக அவள் அச்சைக் கழுவிக் காயவைத்து, தனியாக மாவு பிசைந்து, புது எண்ணெய் ஊற்றிச் சுட்டாள். சுட்டு முடித்தபோது பார்சல் கடையில் கையை விரித்துவிட்டார்கள், இனிமேல் கொடுத்தால் தீபாவளிக்குப் பிறகுதான் போகும் என்று. வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான் என்று சனிக்கிழமை காலை அவளே கிளம்பினாள். செமினியிலிருந்து காஜாங்குக்கு பஸ், அங்கிருந்து ரயில், நடுவில் இன்னொரு ரயில் மாறி கிள்ளான். நானே கொண்டுவருகிறேன் என்று அவள் போட்ட மெசேஜ், உஷாராணியின் போனில் தள்ளுபடி அறிவிப்புகளுக்கு அடியில் புதைந்து கிடந்தது.

கிள்ளான் பிளாட்டின் மூன்றாவது மாடியில் உஷாராணியின் திட்டம் கச்சிதமாக நடந்துகொண்டிருந்தது. புதன்கிழமையே முதல் போத்தல் வந்து பிரிட்ஜ் மேல் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு வந்த மூன்றையும் திருப்பிவிட்டாள். மூன்றாவது முறை வந்த பார்சல்காரர், திறந்தாவது பாருங்கள் அக்கா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டும் அவள் இரும்புக் கதவைத் திறக்கவில்லை. இப்போது மணி அடித்ததும், ஐந்தாவது என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டே போனாள்.

வெளியே நின்றவளின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு துணிப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"உஷாராணி அக்கா வீடுதானே? நான் வாணி, செமினில இருந்து வரேன். முறுக்கு கொண்டாந்திருக்கேன்."

உஷாராணி மனப்பாடமாக வைத்திருந்ததைச் சொன்னாள். "வேணாம் லா. வேற வாங்கியாச்சு. கேன்சல் பண்ணிடுங்க."

வாணி பையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "கையில தூக்கிட்டு வந்தத எப்படி அக்கா கேன்சல் பண்றது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டாள். பிறகு குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டாள்.

தண்ணீர் எடுக்கப் போன உஷாராணிக்கு உறுத்தியது. தான் பொய் சொல்லவில்லை என்று காட்டவேண்டும்போல் இருந்தது. பிரிட்ஜ் மேலிருந்த போத்தலையும் எடுத்துக்கொண்டு வந்து, கதவைத் திறந்து, இதோ பாருங்கள் என்று நீட்டினாள். வாணி தண்ணீரை வாங்கவில்லை. போத்தலைப் பார்த்தாள்.

"அக்கா, இதுல எள்ளு இருக்கே. அண்ணனுக்கு ஆகாதுன்னு எழுதியிருந்தீங்களே?"

உஷாராணி போத்தலை வெளிச்சத்தில் திருப்பினாள். ஒவ்வொரு முறுக்கிலும் எள். மூன்று நாளாக வீட்டில் இருக்கிறது, ஒரு தரம் நின்று பார்த்ததில்லை. அன்று காலையில்தான் முகுந்தன் காப்பிக்கு இரண்டு எடுக்கட்டுமா என்று கேட்டு, விருந்தாளி வரட்டும் என்று அவள் தடுத்திருந்தாள்.

வாணி பையிலிருந்து தன் போத்தலை எடுத்தாள். சிவப்பு மூடியின் மேல் ஒட்டிய காகிதத்தில், 'உஷாராணி அக்கா வீட்டு அண்ணனுக்கு. எள் இல்லை' என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது. தனி மாவு, புது எண்ணெய் என்று எல்லாவற்றையும் சொன்னாள். "என்னை நம்பி எழுதியிருக்கீங்கன்னு நெனச்சேன், அக்கா."

உஷாராணிக்குக் கண் நிறைந்துவிட்டது. கட்டின புருஷனுக்கு ஆகாததை அவள் மறந்துவிட்டாள், முகமறியாத ஒருத்தி நினைவில் வைத்து மூன்று வண்டி மாறிக் கொண்டுவந்திருக்கிறாள். வாணியின் கையைப் பிடித்து உள்ளே உட்காரவைத்தாள். ஐந்து பேரிடம் ஆர்டர் போட்டதை ஒளிக்காமல் சொன்னாள். வாணி அதிர்ச்சி அடைந்ததாகத் தெரியவில்லை. தன் ஏழு பார்சல்களும் அப்படித்தான் திரும்பியிருக்கும் என்று இப்போது புரிகிறது என்றாள். திங்கட்கிழமை சொல்லவேண்டிய பதிலைப் பற்றியும் சொன்னாள்.

போத்தலுக்குக் காசு கொடுத்து வாணியை வழியனுப்பிய பிறகு உஷாராணி, தான் திருப்பி அனுப்பிய மூன்று பேரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். ஒருவர் போனை எடுக்கவில்லை. ஒரு அம்மா நன்றாகத் திட்டித் தீர்த்தார், இவள் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டாள். மூன்றாமவர் பரவாயில்லை என்றார், அதுதான் அதிகமாகச் சுட்டது. பிறகு பிளாட் வாட்ஸ்அப் குழுவில் தான் செய்த காரியத்தை மறைக்காமல் எழுதி, எள் போடாத போத்தலின் படத்தையும் போட்டாள். சாயங்காலத்துக்குள் பதினாலு வீட்டிலிருந்து வாணிக்கு ஆர்டர் போனது, முன்பணத்தோடு. ஞாயிற்றுக்கிழமை விமலனே இரவல் காரில் கொண்டுவந்து கொடுத்தான். திங்கட்கிழமை வாணி சூப்பர்வைசரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

அதே திங்கட்கிழமை அலுவலகத்தில் ரேஷ்மா தன் போனை நீட்டினாள். மூன்று கடையில் ஒரே புடவை, நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிவிடலாம், ஜாலிதானே என்றாள். உஷாராணி போனை அவள் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"வேணும்னா ஒன்னு வாங்கு, ரேஷ்மா. வேணாம்னா விட்டுடு. நீ இங்க வெரல்ல தட்டுனதும் அங்க ஒருத்தங்க அடுப்பப் பத்தவைக்கிறாங்க. அவங்க கொண்டாந்து வாசல்ல நின்னா, தட்டுன வெரல்தான் கதவையும் தொறக்கணும்."