கொப்பரையில் அவித்த கல்

மத்தவனுக்குக் கிறுக்கு குடியில பிடிக்கும், சீட்டுல பிடிக்கும். எந்தம்பி சிவப்பிரகாஷுக்குக் கண்ணாடித் தொட்டியில பிடிச்சுது. கடலுக்கடியில சிவனேன்னு கெடக்க பவளத்தக் கொண்டாந்து வீட்டுக்குள்ள வளக்கணுமாம் மூதிக்கு.

மில்லர்புரத்துல கீழ் வீடு எனக்கு, மாடி வீடு அவனுக்கும் அவன் பொண்டாட்டி ரம்யாவுக்கும். தெருவப் பாத்த அறையில நான் கருப்பட்டிக் கடை வச்சிருக்கேன், உடன்குடியில இருந்து சரக்கு வருது. அவனுக்கு ஹார்பர் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீஸ்ல கிளார்க் வேல. மாடி ஹால்ல சோபா போட வேண்டிய எடத்துல ஆறடி நீளத்துக்குத் தொட்டி. கரண்டு போச்சுன்னா இன்வெர்ட்டர் தொட்டிக்குத்தான், பொண்டாட்டிக்கு விசிறிமட்டை.

அழகா இல்லன்னு சொன்னா எந்நாக்கு அழுகிரும். பச்சை, ஆரஞ்சு, கத்தரிப்பூ நெறம்னு அத்தனையும் தண்ணிக்குள்ள மெல்ல ஆடும். நானே கடைய மறந்து நின்னுருக்கேன். ஆனா அது நம்ம வீட்டுல இருக்கப்பட்ட பொருளா? கடல்ல இருந்து ஒரு துண்டு பவளம் எடுத்தாலும் கேஸுன்னு இந்த ஊர்ல சின்னப்புள்ளைக்கும் தெரியும். சங்கு குளிக்கப் போற ரெனிஷ்னு ஒரு பய தீவுப்பக்கம் பேத்தெடுத்து, மீனுக்கு அடியில பக்கெட்ட மறைச்சுக் கொண்டாந்து குடுப்பான். வெளியூர்லயும் இதே மாதிரி கிறுக்கனுவ உண்டு. அவனுவளுக்கு எந்தம்பி பவளத்தத் தண்ணிப் பையில போட்டு, ஆக்சிஜன் அடைச்சு, ரப்பர் பேண்டு சுத்திப் பார்சல் அனுப்புவான். அதுக்குன்னு ஒரு சிலிண்டரே வாங்கி வச்சிருந்தான். யாரும் பாத்துரக் கூடாதுன்னு மாடி ஹால் ஜன்னல் வெயில் மழை எதுக்கும் தொறக்காது.

"ஏலே, என்னைக்காவது ஒன்னப் பிடிச்சு உள்ள போடப் போறான்"ம்பேன்.

"யாரு யக்கா சொல்லப் போறா?" அப்படிம்பான்.

ரம்யா தங்கமான புள்ள. ஜவுளிக்கடையில பில் போடுத வேல. எனக்குப் புள்ள குட்டி கெடையாது. வேல விட்டு வந்தா அவ மாடிக்குப் போறதுக்கு முன்னால எங்கிட்டதான் வருவா, சுக்குக் காப்பி குடிச்சிட்டுத்தான் படியேறுவா. "எஞ்சக்களத்தி என்ன பண்ணுதான்னு பாத்துட்டு வாரேன் மயினி"ன்னு தொட்டியச் சொல்லிச் சிரிப்பா.

அன்னைக்கு லீவு நாளு, சாயங்காலம் மழை தூறிக்கிட்டு இருந்துது. இருமிக்கிட்டே கீழ எறங்கி வந்தா. இருமலுக்கு நடுவுல சிரிப்பு வேற.

"மயினி, ஒங்க தம்பி இட்லிக் கொப்பரையில கல்லு அவிக்காவ. குழம்புக்கா பொரியலுக்கான்னு போய்க் கேளுங்க."

விஷயம் இதுதான். தொட்டியில ஒரு கல்லு. அதுமேல சட்டைப் பொத்தான் மாதிரி சின்னச் சின்னப் பூவா, அதுவும் பவளச் சாதிதானாம், அப்பிக் கெடக்கும். அந்தக் கல்லுல ஏதோ களை மண்டிட்டாம். அவிச்சுச் சுத்தம் பண்ணித் திரும்பப் போடலாம்னு இவன் அடுப்புல ஏத்திட்டான். கடல் வாடை பக்கத்து வீட்டுக்குப் போயிரக் கூடாதுன்னு அடுப்படி ஜன்னலையும் சாத்திட்டு, தொட்டியக் கழுவ ஹாலுக்குப் போயிட்டான். என்னமோ வேகுதேன்னு இவ மூடியத் தொறந்து கரண்டியால கிண்டியிருக்கா.

"ஆவி மூஞ்சில அடிச்சிட்டு மயினி. வாயெல்லாம் கசக்கு."

ஒரு துண்டு கருப்பட்டி எடுத்துக் குடுத்தேன். வாயில போட்டுட்டு மொகத்தச் சுளிச்சா. "கருப்பட்டியும் கசக்கு."

"ஏளா, ஏங் கடைச் சரக்கையா கொற சொல்லுத?"ன்னு நான் சிரிச்சேன். அவளும் சிரிச்சா.

ராத்திரியே அவளுக்குக் காய்ச்சல் தூக்கியடிச்சிட்டு, தம்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டான். "வைரஸ் காய்ச்சல் யக்கா, நீ கடையப் பாரு"ன்னு காலையில போன்ல சொன்னான். நம்பினேன். மத்தியானம் மனசு கேக்காம கடையச் சாத்திட்டுக் கஞ்சி எடுத்துக்கிட்டுப் போனா, என்னத்தச் சொல்ல! பொதுவார்டுல மூக்கு வாயெல்லாம் ஆக்சிஜன் மாஸ்க்கு போட்டுக் கெடக்கா. நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடுது. ஒதடு நீலம் பாரிச்சுப் போச்சு. என்னையப் பாத்துக் கைய மட்டும் அசைச்சா.

டாக்டரம்மா என்னத் தனியாக் கூப்பிட்டு, "பூச்சி மருந்து, பெயிண்ட், ஆசிட்னு ஏதாவது மூச்சுல போச்சா? வெறும் காய்ச்சல்ல இவ்வளவு வேகமா நுரையீரல் கெடாது. வீட்டுக்காரர்ட்ட பலவாட்டி கேட்டாச்சு. மழையில நனைஞ்சா, வேற ஒண்ணுமில்லங்கிறார்"னு சொன்னாவ.

எனக்குச் சுருக்குன்னுது. "நேத்து..."ன்னு வாயெடுத்தேன். எங்கிருந்துதான் வந்தானோ, எங்கையப் பிடிச்சு மாடிப்படிக்குக் கீழ இழுத்துட்டுப் போயிட்டான்.

"யக்கா, அந்தக் கல்லப் பத்தி மூச்சு விடாத."

"ஏம்லே?"

"அந்தப் பூவுல விஷம் உண்டாம். அவிச்சா ஆவியில ஏறுமாம். பவளம் வளக்குதவனுவ வாட்ஸ்அப் குரூப்ல கேட்டதுக்கு நேத்து ராத்திரியே சொல்லிட்டானுவ."

"ராத்திரியே தெரியுமாலே ஒனக்கு?"

"இதுக்கு மாத்து மருந்தே கெடையாதாம் யக்கா. சொல்லி என்ன ஆவப் போவுது? கல்லு எங்க இருந்து வந்துதும்பான், வீட்டுக்கு வருவான், தொட்டியப் பாப்பான். ஏழு வருஷம் உள்ள போட்டுருவான். வேல போயிரும். ரெண்டு நாள் பொறு, சரியாயிருவா."

அழுதுக்கிட்டேதான் சொன்னான். நான் தூக்கி வளத்த பய அவன். அம்மா செத்தப்புறம் அவனுக்குத் தலை சீவிப் பள்ளிக்கொடத்துக்கு அனுப்பினவ நான். அந்தக் கன்னத்துலயே ஓங்கி ஒண்ணு குடுத்தேன். கைய ஒதறிட்டு நேரா டாக்டரம்மாகிட்டப் போயி கல்லு, கொப்பரை, சாத்தின ஜன்னல், தொட்டின்னு ஒண்ணு விடாமச் சொன்னேன்.

அதுக்கப்புறம் ஒரே ஓட்டம். யார் யாருக்கோ போன் போட்டாவ. ஐ.சி.யூ.வுக்கு மாத்தித் தொண்டையில கொழாய் போட்டாவ. விளக்கு வைக்குத நேரத்துக்கு டாக்டரம்மா வெளிய வந்தாவ. அவுக மொகத்தப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு, ரம்யா இல்லன்னு.

"நேத்து ராத்திரியே தெரிஞ்சிருந்தா பொழைச்சிருப்பாளா?"ன்னு கேட்டேன்.

"அத என்னால சொல்ல முடியாதும்மா. ஆனா அப்பவே ஐ.சி.யூ.வுல வச்சிருப்போம்"னாவ. இன்னைக்கு வரைக்கும் கருப்பட்டிய நிறுக்கும்போதெல்லாம் அந்தப் பதில்தான் காதுல விழுது.

போலீஸ் வந்து கேட்டாவ. அவுககிட்டயும் சொன்னேன். "கூடப் பொறந்தவனக் காட்டிக் குடுத்துட்டாளே"ன்னு சொந்தக்காரங்க எங் காதுபடவே பேசினாவ. பேசட்டும். ரம்யாவோட அம்மா மட்டும் எங்கையப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. அவன் யாருகிட்டயும் பேசல. கொள்ளி வச்சிட்டு வந்தவன் தொட்டிக்கு எதுத்தாப்புல சுவத்துல சாஞ்சு உக்காந்தான். சோத்தக் கொண்டு வச்சா ரெண்டு வாய் திம்பான்.

காரியம் முடியுறதுக்குள்ள ஃபாரஸ்ட்காரங்க ஜீப்ல வந்துட்டாவ. அவனக் கூட்டிட்டுப் போக போலீசும் கூடவே. மாடி ஜன்னல எல்லாம் தொறந்து விட்டாவ. எத்தன வருஷத்துக்கு அப்புறமோ அந்த ஹாலுக்குள்ள வெயில் வந்துது. கையுறை, முகமூடியெல்லாம் மாட்டிக்கிட்டு ஒரு வாச்சர் பவளத்த ஒவ்வொண்ணா எடுத்து பக்கெட்ல போட ஆரம்பிச்சாரு.

அப்பந்தான் இவன் எந்திரிச்சான். அத்தன நாளுக்கும் சேத்து அன்னைக்குத்தான் அவன் வாயத் தொறந்து நான் பாத்தேன்.

"சார், பக்கெட்ல தாங்காது. பையில போட்டு ஆக்சிஜன் அடைச்சுக் கொண்டு போங்க. இல்லன்னா மூச்சு முட்டிச் செத்துரும்."

வாச்சர் கையில எடுத்தத அப்படியே வச்சிக்கிட்டு என் மொகத்தப் பாத்தாரு. இவன் பாட்டுக்கு சிலிண்டரை உருட்டிக் கொண்டாந்து, பையில தண்ணி மோந்து, கொழாய உள்ள விட்டுத் திருகினான். ரம்யா மொகத்துல கெடந்த மாஸ்க்குல வந்த அதே 'உஸ்'ங்கிற சத்தம். கை நடுங்காம ரப்பர் பேண்டு சுத்தினான்.

"ஏலே"ன்னேன். நிமிர்ந்தான்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில டாக்டரம்மா அத்தன தடவ கேட்டாவளே, இந்த வாயி எங்கலே போச்சு?"