ஊளியின் ஆயுசு

ஈஸ்டர் அன்று மத்தியானம், கறிச்சோறு சாப்பிட்டுக் கழுவிய கை காயும் முன்பே பர்னபாஸ் போனை எடுத்தார். நாற்பத்தாறு நாட்களாக அந்த விளையாட்டின் பச்சைக் கட்டத்தை அவர் தொடவில்லை. விரல் பட்டதும் பறவைச் சத்தம் கேட்டது. காடு விரிந்தது, அருவி விழுந்தது. அருவிக்குக் கீழே நீண்ட வாயைத் திறந்தபடி எப்போதும் படுத்திருக்கும் இடத்தில் அவர் வளர்த்த ஊளி இல்லை. அதே நீளத்தில், அதே வாயோடு, ஒரு கல் கிடந்தது.

அவருக்கு முதலில் புரியவில்லை. ஏதோ புதிதாக அலங்காரம் செய்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தார். கல்லின் மேல் விரலை வைத்து அழுத்தினார். ஊளி, ஆயுள் எண்ணூற்றுப் பன்னிரண்டு நாட்கள் என்று எழுத்து வந்தது.

"எண்ணூத்திப் பன்னெண்டா?" என்று வாய்விட்டுக் கேட்டார். அவர் போட்டிருந்த கணக்கு பத்து வருடம்.

ஆயுசுக் கணக்குச் சொல்வதில் பர்னபாஸ் பேர்போனவர். பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஓடுகிற மோட்டாரின் மேல் திருப்புளியை ஊன்றி, அதன் பிடியில் காதை வைத்துக் கேட்பார். "இன்னும் ஒரு வருசம்" என்பார், அல்லது "இந்தக் கோடைய தாண்டாது" என்பார். சீவலப்பேரியிலிருந்தும் நாங்குநேரியிலிருந்தும் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், காயில் கட்டுவதற்காக மட்டும் வருவதில்லை, அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டுப் போகவும் வருவார்கள். பெரும்பாலும் அவர் சொன்னபடிதான் நடந்தது. நடக்காத ஓரிரண்டை அவர் வெளியே சொல்வதில்லை.

'மாயவனம்' என்ற அந்த விளையாட்டை அவர் போனில் ஏற்றிவிட்டவள் மகள் பெனிஷா. இரண்டு வருடத்துக்கு முன்பு, புத்தாண்டு முடிந்த வாரத்தில். கடையில் ஆள் வராத நேரத்தில் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. முட்டையிலிருந்து ஒரு பூதம் பொரிக்கும். அதை இரண்டு பேர் சேர்ந்து வளர்க்க வேண்டும். ஒருவர் தீனி போட வேண்டும், மற்றவர் தண்ணீர் காட்ட வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியாது. கூட்டாளியாக யாரைச் சேர்க்கலாம் என்று விளையாட்டு தானாகவே போனில் இருக்கும் பெயர்களைத் துழாவி ஒரு பெயரைக் காட்டியது.

"யப்பா, அலெக்ஸ் சித்தப்பாவும் இத வெளையாடுதாங்க" என்றாள் பெனிஷா.

பர்னபாஸ் அந்தப் பெயரையே பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் அழுத்திவிட்டாள். ஐந்து நிமிடத்தில் அந்தப் பக்கமிருந்து சம்மதம் வந்தது. பூதத்துக்குப் பெயரும் அந்தப் பக்கமிருந்தே வந்தது. ஊளி. ஊளி மீனைப் போலவே நீண்ட தாடை, முன்னே துருத்திய பல். உவரிக் கடற்கரையில் சின்ன வயதில் அண்ணன் தம்பி இருவரும் வலையிலிருந்து ஊளியை எடுக்கத் தெரியாமல் எடுத்துக் கடி வாங்கியவர்கள். பர்னபாஸின் கட்டைவிரலில் இன்றும் அந்தத் தழும்பு இருக்கிறது. அன்றைக்கு அவர் அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே சிரித்ததைப் பார்த்து, மனைவி தெரசா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அண்ணனும் தம்பியும் அதற்கு முன்பு நான்கு வருடமாகப் பேசவில்லை.

அம்மை இறந்தபோது அலெக்ஸ் சரக்குக் கப்பலில் இருந்தான். "அண்ணே, நா வந்துருவேன். எனக்காவ வச்சிரு" என்று போனில் அழுதான். பர்னபாஸ் கணக்குப் போட்டார். கப்பல் கரைக்கு வரவேண்டும், கையெழுத்துப் போட்டு இறங்கவேண்டும், விமானம் பிடிக்கவேண்டும். மூன்று நாளுக்குக் குறையாது. கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மையின் முகம் ஏற்கெனவே மாறத் தொடங்கியிருந்தது. "ஒரு ராத்திரி பொறுங்களேன்" என்றாள் தெரசா. "வரமாட்டான்டி, எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, நாலு மணிக்கு அடக்கம் என்று கோயிலில் சொல்லிவிட்டார். மறுநாள் காலை பதினொரு மணிக்கு திருவனந்தபுரத்திலிருந்து காரில் வந்து இறங்கினான் அலெக்ஸ். கல்லறையில் அன்று காலையில் பூசிய சிமெண்டு ஈரம் காயவில்லை. அதன் மேல் கையை வைத்துப் பார்த்தான். கை அச்சு விழுந்தது. வீட்டுக்குள் வந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் அதே காரில் ஏறிப் போய்விட்டான்.

அதன் பிறகு ஊளிதான்.

ஒரு வார்த்தை கிடையாது. விளையாட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ள ஒரு பெட்டி இருந்தது. இருவரும் அதைத் தொட்டதில்லை. தம்பி தீனி போடுவான், அண்ணன் தண்ணீர் காட்டுவார். காலையில் கடையைத் திறந்து, சாமி படத்துக்கு முன் சிலுவை போட்டுவிட்டு, அடுத்த வேலையாக ஊளிக்குத் தண்ணீர். தீனி விழுந்த நேரத்தை வைத்துக் கப்பல் எந்தப் பக்கம் நிற்கிறது என்று அவர் கண்டுபிடிக்கப் பழகியிருந்தார். காலை ஒன்பது மணிக்கு விழுந்தால் வளைகுடாப் பக்கம். விடியற்காலை ஐந்து மணி என்றால் சீனத்துக் கடல். இரண்டு நாள் விழாமல் மூன்றாம் நாள் மொத்தமாக விழுந்தால், நடுக்கடலில் சிக்னல் இல்லை. "இப்ப சிங்கப்பூர் தாண்டிட்டான்" என்று சோறு சாப்பிடும்போது பொதுவாகச் சொல்வார். யார் என்று தெரசா கேட்கமாட்டாள்.

மாயவனக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பூதங்கள் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பதுதான் அங்கே ஓயாத சண்டை. விளையாட்டைச் செய்தவர்கள் அதைச் சொல்லவே இல்லை. நெருப்புத் தின்னும் பூதம் நூறு நாளில் சாம்பலாகிவிட்டது என்றார் ஒருவர். பறக்கிற ஜாதி முந்நூறைத் தாண்டாது என்றார் இன்னொருவர். பர்னபாஸ் அங்கே குரல் பதிவு போட்டார். "வேகமாச் சுத்துறது சீக்கிரம் தேஞ்சிரும். எங்க ஊளி ஒரு நாளைக்கு மூணு தடவதான் வாயத் தெறக்கு. தேய்மானமே கெடையாது. ஆமை மாதிரி. கொறஞ்சது பத்து வருசம் கெடக்கும் பாருங்க." அன்று முதல் குழுவில் அவருக்கு 'ஆயுசு அண்ணாச்சி' என்று பெயர்.

இந்த வருடம் சாம்பல் புதனுக்கு முந்திய ஞாயிறு, கோயிலில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டுக் கொடுத்தார்கள். தவக்காலத்தில் எதை விடப்போகிறோம் என்று எழுதி, பீடத்துக்கு முன் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். பர்னபாஸ் வழக்கம்போல் 'மீன்' என்று எழுதப் போனார். பெனிஷா முழங்கையால் இடித்தாள்.

"யப்பா, மீனுதான் வருசா வருசம் விடுதிய. சாமிக்கே சலிச்சுப் போயிருக்கும். பிரியமானத விடணுமாம்."

"நீ என்னத்தட்டி எழுதுன?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது. நீங்க அந்த ஊளிய விடுங்க பாப்போம். ஒங்களால முடியாது."

முடியாது என்று சொன்னது அவருக்குச் சுருக்கென்றிருந்தது. 'போனில் விளையாடுவது' என்று எழுதி, நாலாக மடித்துப் போட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடைசியாக ஊளிக்குத் தண்ணீர் காட்டினார். அலெக்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. பேச்சுப் பெட்டியைத் திறந்து, 'தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் வரமாட்டேன்' என்று எழுதினார். எழுதியதை வாசித்தார். இத்தனை வருடம் கழித்து முதல் வார்த்தையை நான்தான் பேச வேண்டுமா என்ற நினைப்பு உள்ளே எழுந்தது. அம்மையை அடக்கம் பண்ணியது குற்றமா? அப்படி ஏறிப் போனவன் அவன்தானே? தவக்காலம் என்று அவனுக்கும்தான் தெரியும், உவரியில் பிறந்தவன்தானே. ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். பத்து வருடம் இருக்கப்போகிற பூதத்துக்கு நாற்பது நாள் ஒரு கணக்கா?

தவக்காலத்தின் நான்காம் வாரத்தில் சீவலப்பேரி பலவேசம் டவுன் பஸ்ஸில் சாக்கு மூட்டையோடு வந்து இறங்கினார். மூட்டைக்குள் மோட்டார்.

"அண்ணாச்சி, அஞ்சு வருசம் ஓடும்னு சொன்னிய. அஞ்சு மாசத்துல பொகையப் போட்டுட்டு. எம் பொண்டாட்டி ஒங்க வாய்க்குச் சக்கரை போடணுங்கா."

பர்னபாஸ் மோட்டாரைப் பிரித்தார். காயில் கருகிப்போய்க் கிடந்தது, ஆனால் முழுவதும் அல்ல. அதைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது.

"மோட்டார் மேல குத்தமில்ல வே. மூணு லைன்ல ஒரு லைனுல கரண்டு வரல. ரெண்ட வச்சே கெடந்து இழுத்திருக்கு."

"ஒரு லைன் வரலன்னா நின்னுபோவாதா?"

"நிக்காது. ஓடுத மோட்டாரு ஒடனே நிக்காது. முனங்கிக்கிட்டே இழுக்கும். நீருதான் காதுகுடுத்துக் கேட்டு நிப்பாட்டணும். அது பாவம், எத்தன நாளு ஒத்தையில கெடந்து இழுத்துச்சோ."

"பேயி மாதிரி முனங்குச்சு அண்ணாச்சி. நா ஒங்க பேரச் சொல்லி, அஞ்சு வருசம் ஓடும்டேன்னு தூங்கிட்டேன்" என்றார் பலவேசம். இருவரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு இப்போது, ஈஸ்டர் மத்தியானத்தில், பர்னபாஸின் நினைவுக்கு வந்தது. கல்லுக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. நாற்பது நாட்கள் ஒரு கை மட்டும் பார்த்துக்கொள்ளும் பூதம் கல்லாகிவிடும். கடைசி நாற்பது நாட்களைப் பார்க்க இங்கே தொடவும்.

தொட்டார்.

சாம்பல் புதன். தீனி: அலெக்ஸ். தண்ணீர்: இல்லை. வியாழன். தீனி: அலெக்ஸ். தண்ணீர்: இல்லை. வெள்ளி. பட்டியல் விரலோடு மேலே ஏறிக்கொண்டே போனது. பத்தாம் நாளிலிருந்து எழுத்து மாறியது. தீனி: அலெக்ஸ். தண்ணீர்: அலெக்ஸ், ஏற்கப்படவில்லை. ஒரு நாளில் ஒரு முறை அல்ல. நான்கு முறை, ஆறு முறை. ஒரு நாள் பதினோரு முறை. நேரங்களைப் பார்த்தார். முன்பெல்லாம் கப்பலின் வேலை நேரத்துக்கு ஏற்ப ஒரே பொழுதில் விழும் தீனி, இப்போது எல்லாப் பொழுதிலும் விழுந்திருந்தது. கப்பல் எங்கே நின்றது என்று அவரால் சொல்ல முடியவில்லை. நாற்பதாவது நாள், குருத்தோலை ஞாயிறு. அன்றைக்குக் கையில் ஓலையோடு பவனியில் பாடிக்கொண்டே நடந்தது ஞாபகம் வந்தது.

பட்டியலின் அடியில், கல்லைப் பார்க்க வந்தவர்கள் என்று இருந்தது. திங்கள், அலெக்ஸ். செவ்வாய், அலெக்ஸ். புதன், அலெக்ஸ். அதன் பிறகு யாருமில்லை.

பேச்சுப் பெட்டியில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. பன்னிரண்டாம் நாளில் வந்தது. ஒரே ஒரு வரி. 'அண்ணே, ஒடம்புக்கு ஒண்ணுமில்லல்லா?'

பர்னபாஸ் போனைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். அடுப்படியில் தெரசா பாத்திரத்தை ஒழித்துப் போடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது பெனிஷா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"நாந்தான யப்பா விடச் சொன்னேன்" என்றாள்.

"நீ வெளையாட்டதான்டி விடச் சொன்ன. அவன்ட்ட சொல்லாதேன்னா சொன்ன?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, போனை நிமிர்த்தி, எதையோ தேடி அழுத்தினாள். கல்லுக்குப் பக்கத்தில் புல் விலகி ஒரு முட்டை தெரிந்தது. பூதத்தை இழந்தவர்களுக்கு ஒரே ஒரு முறை தருவார்களாம். கூட்டாளி வந்து சம்மதித்தால்தான் அது பொரிக்கும், அவர் பெயரைக் கேட்டது. அவரே எழுதினார். பிறகு பேச்சுப் பெட்டியைத் திறந்தார். கட்டைவிரல் எழுத்து மாறி வேறு எழுத்தில் விழுந்தது, திருத்தித் திருத்தி எழுதினார்.

'லே அலெக்ஸ், நல்லாருக்கேன். தவக்காலத்துக்கு விட்டுருந்தேன். ஒன்ட்ட சொல்லிருக்கணும்.' இன்னும் ஒரு வரி எழுத வேண்டும் போலிருந்தது. எழுதினார். 'அன்னைக்கும் ஒரு ராத்திரி பொறுத்துருக்கணும்.'

இந்த முறை வாசித்துப் பார்க்கவில்லை. அனுப்பிவிட்டார். பக்கத்தில் ஒரு சிறிய வட்டம் சுற்றத் தொடங்கியது. அந்தப் பக்கம் இன்னும் போய்ச் சேரவில்லை.

"முட்ட எத்தன நாளுப்பா தாங்கும்?"

"மூணு நாளுன்னு போட்டுருக்கு."

"அதுக்குள்ள சித்தப்பா வந்துருவாங்களா?"

பர்னபாஸ் வாயைத் திறந்தார். யார் எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரு கணக்கு இருக்கும். கப்பல் எங்கே, கரை எத்தனை நாள், சிக்னல் எப்போது.

"தெரியலட்டி" என்றார்.

பெனிஷா எழுந்து போய்விட்டாள். வெயில் ஜன்னலிலிருந்து மேசைக்கு ஏறியது. முட்டை இலேசாக அசைந்துகொண்டிருந்தது. திரையில் வெளிச்சம் இருக்கும் வரைதான் அது அசைந்தது. அரை நிமிடத்தில் திரை மங்கும், முட்டையும் நின்றுவிடும். மங்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் பர்னபாஸ், தழும்பு உள்ள கட்டைவிரலால் அதை மெல்லத் தொட்டுக்கொண்டே இருந்தார்.