சத்தத்தைக் கூட்டு

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா முதலில் தேடுவது டிவி ரிமோட்டைத்தான். வந்தவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் சத்தம் கூரையைப் பிளக்கும். அப்பாவுக்குக் காது மந்தம் என்று ஒரு கதை கட்டி வைத்திருக்கிறோம். உண்மையில் அவருக்குப் பாம்புச் செவி. பின்னறையில் அக்கா இருக்கிறாள், அவள் குரல் வெளியே கேட்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

அக்காவுக்குப் பிறவியிலேயே முகம் ஒரு பக்கம் வீங்கி வளர்ந்துவிட்டது. பேச்சு வராது. அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும், புதிதாகக் கேட்கிறவர்களுக்குக் குலை நடுங்கும். சின்ன வயதில் பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நானும் அதே சத்தத்தைப் போடுவேன், அவள் உடனே பதில் கொடுப்பாள். இன்றைக்கும் நாங்கள் பேசிக்கொள்வது அப்படித்தான். அந்தத் தொண்டைதான் எனக்குச் சோறு போடுகிறது. டப்பிங் ஸ்டுடியோவில் பேய், பிசாசு, பூதம் எதற்கும் நான்தான் குரல். அங்கே எனக்குப் பெயரே 'பேய்க்கா'.

தம்பிக்குக் கல்யாணம் கூடிவந்ததும் அப்பா ஒரு முடிவெடுத்தார். எங்கேயோ தொலைவில் ஒரு விடுதியாம். திங்கட்கிழமை வண்டி வருமாம், அக்காவை ஏற்றி அனுப்பிவிடுவாராம்.

"திரும்பக் கூட்டிட்டு வருவீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"நீ உன் வேலையப் பாரு."

சரி, என் வேலையைத்தான் பார்த்தேன்.

அந்த வாரம் எனக்கு வந்தது, வாரம் ஒரு கதை காட்டும் திகில் தொடர். கதை என்ன தெரியுமா? கௌரவமான ஒரு குடும்பம், பூட்டிய அறைக்குள் ஒரு மிருகத்தை வைத்திருக்கிறது. அது அவர்கள் பெற்ற பிள்ளை. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டைரக்டர், "பேய்க்கா, மிருகம் கத்தணும். மனுஷ சாயலே இருக்கக் கூடாது," என்றார்.

அக்காவைக் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டேன். சவுண்ட் இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டார்.

"உடம்பெல்லாம் சிலிர்க்குதுக்கா. இத எங்கேருந்து பிடிச்சீங்க?"

"எங்க வீட்லேருந்து," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. அழுது என்ன ஆகப்போகிறது? கதை முழுக்க அந்த மிருகம் எத்தனை இடத்தில் கத்துகிறதோ அத்தனைக்கும் நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

அந்தக் கதை ஞாயிறு மாலை ஒளிபரப்பு. மறுநாள் வண்டி.

"தம்பி கட்டிக்கப்போற பொண்ணு வீட்டுக்காரங்கள ஞாயித்துக்கிழமை கூப்பிடலாமேப்பா. என்னோட எபிசோடு வருது, எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம்," என்றேன். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். திகில் படம் ஓடும்போது டிவி ஏன் இப்படி அலறுகிறது என்று எவன் கேட்பான்?

பெண்ணும் அவள் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். தேநீர் ஆறுவதற்குள் கதையில் மிருகம் முதல் தடவை கத்தியது. பின்னறையிலிருந்து அக்கா பதில் சொன்னாள்.

"அடேயப்பா! பின்னாலேருந்து வர்ற மாதிரியே இருக்கே," என்றார் பெண்ணின் அப்பா. "தனி ஸ்பீக்கரா?"

"ஆமாமா, புதுசு," என்றான் தம்பி.

அம்மா அவசரமாகச் சத்தத்தைக் கூட்டினாள். என் குரல் இன்னும் பலமாக உள்ளே போனது, அக்கா இன்னும் பலமாகப் பதில் சொன்னாள். அம்மா மறுபடியும் கூட்டினாள். பாவம், அவளுக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது, என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். நான் எழுந்துபோய் ரிமோட்டை வாங்கி டிவியை அணைத்தேன்.

அக்கா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

பெண்ணின் அப்பா வாய்க்குக் கொண்டுபோன தேநீர்க் கோப்பை பாதியில் நின்றது. அந்தப் பெண் தம்பியிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அது என்ன சத்தம்?"

"டிவி," என்றான் அவன், கறுத்துக் கிடந்த திரையைப் பார்த்துக்கொண்டே.

"எங்க அக்கா," என்றேன் நான். "இந்த வீட்டுக்கு மூத்த பொண்ணு. நாளைக்கு எங்கேயோ கொண்டுபோய்த் தள்ளப் பார்க்கறாங்க. நான் விட மாட்டேன்."

"வாய மூடுடி! குடும்ப மானத்தையே வாங்கிட்டியே!" அப்பா கத்தினார்.

"சாவியக் குடுங்கப்பா."

அவர் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார். அம்மா எழுந்தாள். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவர் பேச்சைத் தட்டாதவள், அவர் கையை விலக்கி, பைக்குள் விரலை விட்டுச் சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

போய்க் கதவைத் திறந்தேன். அக்கா உடனே நிறுத்திவிட்டாள். இத்தனை வருஷமும் அவள் கத்தியதெல்லாம் யாராவது திறந்துவிட வேண்டும் என்றுதான்.