பையில் கிடந்த மாத்திரைகள்

அப்பாவின் சட்டைப் பையை அவள் வெளிப்பக்கமாகத் திருப்பி உதறினாள். இரண்டு திருகாணி, ஒரு சுருள் கறுப்பு டேப், அப்புறம் மாத்திரைகள். இதயத்துக்காக, ரத்தம் உறையாமல் இருக்க அவர் போட்டுக்கொள்ளும் மாத்திரைகள். ராத்திரி தவறாமல் அவள் கையால் கொடுத்து, "போட்டாச்சாப்பா?" என்று கேட்டு, "ஆச்சும்மா" என்று அவர் சொன்ன அதே மாத்திரைகள். அறுந்த வயரைக்கூடத் தூக்கி எறிய மனசு வராத எலக்ட்ரீஷியன், இதை மட்டும் எறிந்துவிடுவாரா?

உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

"என்னம்மா இது?"

அம்மா பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உங்கண்ணன்தான் போன்ல நிறுத்தச் சொன்னான். கண்ணுல கத்தி வச்சா ரத்தம் நிக்காதாம். அவன் மாமனாருக்குப் பல்லு புடுங்கறப்ப நிறுத்துனாங்களாம். உன்கிட்ட சொன்னா சண்டைக்கு வருவேன்னு..."

"நீயும் வாய மூடிட்டு இருந்தியா?"

"ஆபரேஷன் முடியற வரைக்கும்தானேன்னு இருந்துட்டேன். இப்ப கிளறாதடி."

சிவப்பு வயரும் பழுப்பு வயரும் ஒண்ணாத் தெரியுது என்று புலம்பிய மனுஷனை, வேலைக்கு லீவு போட்டுக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனவள் அவள். "கண்புரை ஆபரேஷன்தான், சொட்டு மருந்துலயே கண்ணு மரத்துடும். மாத்திரைய மட்டும் விட்றாதீங்க, அதுதான் ஆபத்து" என்று டாக்டர் சொன்னபோது அப்பாவும் தலையாட்டினார். நன்றாகத்தான் ஆட்டினார். வீட்டுக்கு வந்து, போனிலேயே குடும்பம் நடத்தும் மகன் பேச்சைக் கேட்டார். நேற்று ரத்தக்கட்டி மூளைக்குப் போய்விட்டது. செத்தவர்மேல் கோபப்படக் கூடாதாம். அவளுக்கு வந்தது.

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். காலையில் வந்து இறங்கிய அண்ணன் தலைமாட்டில் நின்று சித்தப்பாவிடம் முழங்கிக்கொண்டிருந்தான்.

"அந்தக் கண்ணாஸ்பத்திரிய சும்மா விடமாட்டேன் சித்தப்பா. என்னத்த சொல்லித் தொலைச்சாங்களோ."

அவளைப் பார்த்ததும் குரல் இன்னும் உயர்ந்தது.

"நீ மாத்திரைய ஒழுங்காக் குடுத்தியா? கூடவே இருந்து ஒரு மனுஷனப் பாத்துக்கத் துப்பில்ல."

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அடுப்படி வாசலில் அம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள். கைக்குள் மாத்திரைகள் வியர்வையில் பிசுபிசுத்தன. அவள் வாயைத் திறப்பதற்குள் அலமாரியில் அப்பாவின் போன் அடித்தது.

எடுத்தாள். அந்தப் போனை எடுத்தாலே தெருவுக்குக் கேட்கும். பார்வை மங்கியவருக்கு வசதியாக அவள்தான் ஸ்பீக்கரில் வைத்துக் கொடுத்திருந்தாள்.

"கண்ணாஸ்பத்திரில இருந்து நர்ஸ் பேசறேங்க ஐயா. நாளைக்கு ஆபரேஷன், ஞாபகம் இருக்கில்ல? ரத்தம் உறையாம இருக்கற மாத்திரைய நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் அன்னைக்கே சொன்னாரே, விடாம போடறீங்கல்ல?"

சித்தப்பா மெதுவாக அண்ணன் பக்கம் திரும்பினார். அண்ணனின் முகம் வெளிறிக் கிடந்தது.

அவள் அவனருகே போனாள். அவன் ஒரு கையில் மாத்திரைகளைக் கொட்டினாள், மறு கையில் போனைத் திணித்தாள்.

"கேக்கறாங்கல்ல? நீயே சொல்லு."

"ஐயா, கேக்குதா? மாத்திரைய நிறுத்தலையே?"

அண்ணன் சத்தத்தைக் குறைக்கும் பொத்தானைக் கட்டைவிரலால் தடவித் தேடினான். கை தவறி அழுத்திவிடக் கூடாதென்று அதன்மேல் அப்பா எப்போதோ கறுப்பு டேப்பைச் சுற்றி இறுக்கி ஒட்டியிருந்தார்.