ஜோடிக் குவளை

மலைமேல் மூன்றாவது கிடங்கு தீப்பற்றி எரிந்த வெளிச்சத்தில்தான் சும்பிக்குத் தன் தம்பியின் முகம் தெரிந்தது. பாவி, கையில் பந்தத்தோடு நான்காவது கூரையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.

"டேய் லக்சா! அது நம்ம சோளம்டா!"

"குஸ்கோ ராஜாவோட சோளம், அக்கா. கடல் தாண்டி வந்த தாடிக்காரனுங்க வாய்க்குப் போகக் கூடாதுன்னு உத்தரவு. தள்ளு!"

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ராஜாவின் சோளமாம்! தெற்கே தூரத்தில் குஸ்கோவில் உட்கார்ந்திருக்கும் அந்த ராஜா இந்த ஹவ்ஹா பள்ளத்தாக்கில் என்றைக்காவது குனிந்து களை பறித்திருப்பானா? விதைத்தது, அறுத்தது, முதுகு ஒடிய இந்த மேட்டில் ஏற்றியது எல்லாம் இந்தப் பள்ளத்தாக்கின் வாங்கா ஜனம். ஊருக்கு ஊர் முறை வைத்து வாங்கும் கட்டாய வேலை என்று அப்பாவைப் பாலம் கட்டக் கூட்டிப்போனார்கள்; பிணம்கூடத் திரும்பவில்லை. அப்புறம் இவனைப் படைக்கு இழுத்துப்போனார்கள். இப்போது பிறந்த ஊரையே கொளுத்த வந்து நிற்கிறான்.

பாய்ந்து அவன் மணிக்கட்டைக் கடித்தாள். பந்தம் விழுந்தது. லக்சா வெறியில் அவள் கன்னத்தில் அறைந்தான். இருவரும் சரிவில் உருண்டார்கள்.

அதற்குள் கீழிருந்து குதிரைகள் ஏறி வந்துவிட்டன. தாடிக்காரர்களின் வாளுக்கு முன்னால் குஸ்கோ வீரர்களின் கவணும் கதாயுதமும் எடுபடவில்லை. தோள் ஒரு பக்கம், தலை ஒரு பக்கமாக விழுந்தார்கள். பின்னாலேயே கோடாரியோடு வந்தார்கள் ஊர் ஆட்கள். எத்தனை வருஷத்து ஆத்திரமோ, செத்தவனையும் விடாமல் கொத்தினார்கள். லக்சாவின் தொடையில் ஒரு வெட்டு விழுந்தது. சும்பி அவனைத் தரதரவென்று இழுத்து நான்காவது கிடங்கில் தள்ளி, காய்ந்த கிழங்கு மூட்டைகளை முன்னால் அடுக்கினாள்.

"எதுக்கு என்னைக் காப்பாத்துறே? உன் தாடிக்காரன்கிட்டயே கொடுத்துடேன்" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வாயை மூடு. குஸ்கோவை விரட்ட வந்தவங்கடா அவங்க."

"பனியில பயிர் கருகுன வருஷம் இந்தக் கதவைத் திறந்து நமக்குச் சோறு போட்டது யாரு? ராஜாதானே? இவனுங்க வழிச்சுத் தின்னுவானுங்களே தவிர, திருப்பி நிரப்ப மாட்டானுங்க."

"நம்மகிட்ட புடுங்கினதை நமக்கே பிச்சை போட்டான். அதுக்குப் பெருமை வேறயா?"

வெளியே ஊர்த் தலைவர் போமாவின் குரல் கேட்டது. அவர் சும்பிக்குத் தாய்மாமன் முறை. "ராஜாவோட படையில இருந்தவன் ஒருத்தனும் மிஞ்சக் கூடாது! கிடங்கு கிடங்கா பாருங்கடா!"

சும்பிக்கு ஒரே வழிதான் தோன்றியது. அந்த மண்ணின் வழக்கப்படி, ஒரு குடத்துச் சோளக் கள்ளை ஒரே மாதிரியான ஜோடிக் குவளையில் ஊற்றி இரண்டு பேர் குடித்துவிட்டால், கொடுத்தவர் கேட்பதைக் குடித்தவர் மறுக்க முடியாது. குஸ்கோ ராஜாவே ஒரு ஊரைப் பிடித்ததும் முதலில் குவளையை நீட்டித்தான் உழைக்க ஆள் கேட்பான். அவர்கள் மறுகோடிக் கிடங்கிலிருந்து தேடத் தொடங்கியதும் வீட்டுக்கு ஓடினாள். குடத்தோடும் குவளைகளோடும் மூச்சிரைக்கத் திரும்பி வந்து தாடிக்காரர்களின் தளபதி முன்னால் நின்றாள்.

அவன் ஒரே மடக்கில் குடித்துத் தாடியைத் துடைத்துக்கொண்டான். அவளும் தன் குவளையைக் காலி செய்தாள்.

"என் தம்பி உள்ளே இருக்கான். உசுரோட விட்டுடணும்." நான்காவது கிடங்கைக் காட்டிக் கையெடுத்துக் கேட்டாள்.

தளபதிக்கு அவள் பேச்சு என்ன புரிந்திருக்கும்? சிரித்துத் தலையாட்டினான். போமா அருகில் வந்தார். "குடிச்சிட்டாரும்மா. இனி உன் தம்பி மேல யாரும் கை வைக்க முடியாது, நானும்தான். கூப்பிடு."

"லக்சா! வெளியே வாடா! குவளை வாங்கிக் குடிச்சிட்டாரு!"

இத்தனை நேரம் அவர்களைத் திட்டியவன், அதைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் மூட்டைகளைத் தள்ளிவிட்டு வெறுங்கையோடு நொண்டி வந்தான். அவனும் அந்தக் குவளையை நம்பி வளர்ந்தவன்தானே. தளபதியின் கண்ணில் பட்டது ராஜாவின் படையுடுப்பு மட்டும்தான். பக்கத்தில் நின்றவனின் ஈட்டியைப் பிடுங்கி லக்சாவின் வயிற்றில் இறக்கினான். முதுகு வழியாக முனை வெளியே வந்தது. லக்சா அக்காவைப் பார்த்தபடியே முழங்காலில் சரிந்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, திகைப்புதான் இருந்தது. சும்பி அலறிக்கொண்டு அவனை மடியில் அள்ளினாள். குடல் அவள் கையில் சூடாக வழிந்தது.

அவன் மூச்சு அடங்கிய பிறகு அவள் நிமிர்ந்தாள்.

"மாமா, அந்தத் தளபதி குடிச்சான்தானே? நீங்க பார்த்தீங்கதானே?"

"பார்த்தேன்."

"அப்புறம் எப்படி?"

போமா கிடங்குகள் பக்கம் திரும்பினார். கிடங்குகளின் கதவுகளை உடைத்துத் தாடிக்காரர்கள் குதிரைகளுக்குச் சோளத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். தளபதி காலிக் குவளையை மறுபடி அவள் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"ஊத்தும்மா" என்றார் போமா. "ஊர்ல இன்னும் குழந்தைங்க இருக்கு. ஊத்திடு."

தம்பியின் தலையை மடியிலிருந்து இறக்காமலே சும்பி குடத்தைச் சாய்த்தாள்.