நூற்று முப்பத்தாறு செலரிச் செடிகள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜூன் பதினொன்றாம் தேதி, என் பெரியம்மா மகள் லவீனாவின் தோட்டத்தில் செலரிச் செடிகளை எண்ணினேன். நான்கு வரிசை, வரிசைக்கு முப்பத்து நான்கு. நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அம்மாவிடமும் சொன்னேன்.

இன்னொரு காரணமும் உண்டு, சின்னது. செவ்வாயும் வியாழனும் மாலை ஆறரைக்கு நகர நூலகத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும் எழுத்து வகுப்புக்குப் போகிறேன். திருமதி ஹார்ட்மன் இந்த வாரம் கொடுத்த வேலை: மனதை லேசாக்கும் காதல் கதை, ஆயிரம் சொற்கள்.

"வெர்னா, உனக்கென்னம்மா! நீ ஆமிஷ் வீட்ல பிறந்தவ. ஒரு டீச்சர், ஒரு பண்ணைக்காரன், ஒரு குதிரை வண்டி. தானா எழுதிக்கும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். காலை நான்கரையிலிருந்து சந்தைக் கடையில் பிரெட்ஸல் ரொட்டிக்கு மாவு முறுக்கிய கை மேஜைமேல் கிடந்தது. அது தானாக எதையும் எழுதவில்லை.

2

முதல் தொடக்கம்: 'கொட்டும் மழையில் லவீனாவின் வண்டிச் சக்கரம் உடைந்தபோது, அந்த வழியே வந்த —'

வேண்டாம். எங்கள் ஆமிஷ் சபை, கார் வேண்டாம் என்று குதிரை வண்டியிலேயே போகும் கிறிஸ்தவச் சபை; மாதம் தவறாமல் அச்சுக்கு மசகு போடுகிறவர்கள் எங்கள் ஆட்கள்.

இரண்டாவது: 'கிதியோனின் நீலக் கண்கள் அவளை —'

எங்கள் சபையில் மாடுகளைத் தவிர அநேகமாக எல்லோருக்கும் நீலக் கண்தான்.

மூன்றாவது: 'லவீனா எஷ்ஷுக்கு இருபத்தேழு வயது. ஒற்றை அறைப் பள்ளியில் எட்டு வகுப்புக்கும் ஒன்பது வருடமாக அவள் ஒருத்திதான் ஆசிரியை. அந்தப் பள்ளியைவிட அவளுக்குப் பிடித்தது ஒன்றுமில்லை.'

அழகாக இல்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் சரிபார்த்துவிட்டேன். இருக்கட்டும்.

3

செலரி என்னும் தண்டுக்கீரையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் கல்யாணங்கள் அறுவடை முடிந்து நவம்பரில் வரும். முந்நூறு பேர் சாப்பிடுவார்கள். கோழியோடு செலரி, பாலாடையில் வெந்த செலரி, மேஜைக்கு மேஜை ஜாடியில் பூங்கொத்து மாதிரி நிற்கும் செலரி. அதனால் பெண் வீட்டார் கோடையிலேயே நட்டாக வேண்டும். ஆனால் அக்டோபர் கடைசியில் சபையில் மூப்பர் மணமக்கள் பெயர்களைப் படிக்கும்வரை கல்யாணம் ரகசியம். பெண்ணைக் கேட்டால் இல்லை என்பாள், பையனும் இல்லை என்பான். இல்லை என்று சொல்வதுதான் முறை.* வாய் மறைப்பதைத் தோட்டம் சொல்லிவிடும். ஊரே வேலிக்கு மேல் எட்டிப் பார்க்கும்.

ஒரு குடும்பத்துக்கு இருபது செடி போதும். லவீனா வீட்டில் நூற்று முப்பத்தாறு.

உண்மை இதுதான்: மார்ச்சில் அவள் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு தகர டப்பாவில் விதை போட்டார்கள். எல்லாம் முளைத்துவிட்டது. மே மாதம் பள்ளி மூடும்போது மிச்சத்தை எறியலாம் என்றதும் ஒன்றாம் வகுப்பு முழுவதும், அதாவது மூன்று பேர், அழுதார்கள். அவள் அத்தனையையும் வீட்டுக்குக் கொண்டுபோய் நட்டாள். நான் எண்ணினேன், கேட்கவில்லை.

(* இந்த வரிதான் கதையின் அச்சாணி. திருமதி ஹார்ட்மன் இதை அடிக்கச் சொன்னாலும் அடிக்கமாட்டேன்.)

4

ஜூலையில், பள்ளிக் குழுவைச் சேர்ந்த மோஸ் மாமா வந்தார். நானும் லவீனாவும் அடுக்களையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். மாமா தொப்பியைக் கழற்றாமலே சிரித்தார்.

"நான் எதுவும் கேக்கலம்மா. ரகசியம்னா ரகசியம்."

"என்ன ரகசியம் மாமா?"

"அதான், நான் கேக்கலைன்னு சொல்றேனே! ஆகஸ்டுக்கு ஆள் பாத்தாச்சு. மலிண்டாவை. பதினெட்டு வயசு, நல்ல கையெழுத்து. நீ ஸ்கூலைப் பத்திக் கவலைப்படாம மத்த வேலையைப் பாரு."

கல்யாணமாகிற பெண் எங்கள் பள்ளிகளில் கற்பிப்பதில்லை. அதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லவீனா கையிலிருந்த பட்டாணி தரையில் உருண்டது.

"மாமா, எனக்குக் கல்யாணமே இல்லை."

"நல்லாச் சொன்ன. என் மகளும் இப்படியேதான் சொன்னா."

"சத்தியமா இல்லை மாமா!"

"சத்தியமெல்லாம் பண்ணக் கூடாது, டீச்சர் நீ. கிதியோன் நல்ல பையன். பிப்ரவரில ஸ்கூல் அடுப்பை ரெண்டு தடவை ரிப்பேர் பண்ணினானே, அப்பவே நெனச்சேன்."

"அடுப்பு ரெண்டு தடவை கெட்டுது மாமா."

"கெடும், கெடும்" என்றபடி அவர் போய்விட்டார்.

லவீனா குனிந்து ஒவ்வொரு பட்டாணியாகப் பொறுக்கினாள். நான் உதவவில்லை. குனிந்தால் அவள் முகம் தெரியும் என்று பயம்.

5

மறுநாள் மோஸ் மாமாவிடம் போனேன். நான்தான் எண்ணினேன், தப்பாக எண்ணிவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

"நீயா? ஏழு வயசுல என் கோழியை எண்ணி ஒண்ணு கொறையுதுன்னு சொன்னவ நீ. கொறைஞ்சுதான் இருந்துது. போடி."

பிறகு தகர டப்பாக்களைப் பற்றிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். நம்பினாரா, தெரியாது.

"சரி, இப்படி வச்சுக்கலாம். மலிண்டா கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்கட்டும். அக்டோபர்ல பேர் படிக்கறப்போ லவீனா பேர் வரலைன்னா, ஜனவரில ஸ்கூல் அவளுக்கே. வந்தா, எனக்குச் சாப்பாடு."

6

கிதியோனைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. கதாநாயகனாக அவன் தேறமாட்டான். முப்பத்தொரு வயது, வண்டிப் பட்டறை, பேச்சு குறைவு. மூன்று முறை அவனைக் குதிரைமேல் ஏற்றிப் பார்த்தேன். மூன்று முறையும் இறங்கி லாடத்தைச் சோதித்தான்.

கீழே வருவது செப்டம்பரில் தொடங்கியது. நான் அங்கே இல்லை, லவீனா சொன்னதைத்தான் எழுதுகிறேன். நானாகச் சேர்த்ததை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறேன்.

அவன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றான். (சாயங்கால வெயில்.)

"டீச்சர், நான் உங்களைக் கேக்கவேயில்லைன்னு ஊர் முழுக்கச் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"இன்னும் நாலு பேர் கையைக் குலுக்கினாங்க. எங்கம்மா கோழி வாங்கிட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜூலைக்குப் பிறகு முதல் தடவை. அதன் பிறகு அவன் வாரம் ஒருமுறை வந்து, யார் யார் நம்பவில்லை என்று கணக்குச் சொன்னான். அவளும் தன் பட்டியலைச் சொன்னாள். ஐந்தாவது வாரம்:

"கேட்டா என்ன ஆகும்?"

"ஸ்கூல் போயிடும்."

"அடுத்த வருஷம் கேட்டா?"

"அடுத்த வருஷமும் ஸ்கூல் இருக்குமே, கிதியோன்."

(அவன் வேலிக்கம்பியை ஆட்டிப் பார்த்தான், தளர்ந்திருந்தது.)

"நான் சும்மாதான் கேட்டேன் டீச்சர்."

"சும்மா கேட்டதுக்குச் சும்மா பதில்."

"அப்போ, சும்மா இல்லாமக் கேட்டா?"

லவீனா இந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். என்ன பதில் சொன்னாள் என்று என்னிடம் சொல்லவில்லை.

7

முடிவு அ: அவள் சம்மதிக்கிறாள். நவம்பர், வியாழக்கிழமை, முந்நூறு பேர். பிள்ளைகள் வளர்த்த செலரியைப் பிள்ளைகளே சாப்பிடுகிறார்கள். வகுப்பில் கைதட்டுவார்கள். கரும்பலகையை யார் துடைக்கிறார்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

முடிவு ஆ: மறுக்கிறாள். ஜனவரியில் பள்ளி. அடுப்பு மறுபடி கெடுகிறது, வேறு ஒருவன் வந்து —

முடிவு இ: மோஸ் மாமா மனம் மாறி, கல்யாணமான பிறகும் கற்பிக்கலாம் என்கிறார். இதை எழுத ஆசையாக இருந்தது. இரண்டு பத்தி எழுதிக் கிழித்தேன். மாமா அப்படிச் சொல்ல மாட்டார். சொன்னாலும் மற்ற நான்கு குழுக்காரர்களும் சொல்ல மாட்டார்கள். களைப்பில் வரும் முடிவு அது.

8

சென்ற சனிக்கிழமை லவீனா என் கடைக்கு வந்தாள். உப்பில்லாத பிரெட்ஸல் ஒன்று கேட்டாள். கதை எழுதுவதைச் சொல்லிவிட்டேன். ஏப்ரனில் கையைத் துடைத்துத் துடைத்துச் சொன்னேன்.

"சிரிக்கிற மாதிரி இருக்கா?" என்றாள்.

"அங்கங்க. அக்கா, நான் எண்ணியிருக்கக் கூடாது."

"எண்ணினதுல என்னடி தப்பு? எண்ணி முடிச்சதும் மிச்சத்தையும் நீயே சொல்லிட்ட பாரு, அதுதான். எல்லாரும் எனக்காக முடிவு பண்ணிட்டாங்க. நீ முதல்ல. அப்புறம் மாமா. அப்புறம் கிதியோன் அம்மாவோட கோழி."

"நீ என்ன முடிவு பண்ணின?"

"உன் கதையில அது இல்லாம இருக்கட்டும். ஒரு இடத்துலயாவது நானே முதல்ல சொல்றேன்."

வரிசையில் ஆள் நின்றது. அவள் காகிதப் பையை மடித்துக்கொண்டு போனாள்.

9

எனவே முடிவு இல்லை. இந்தத் தாள்களை வியாழன் ஆறரைக்குக் கொடுக்க வேண்டும். பெயர் படிக்கும் ஞாயிறு அதற்குப் பிறகுதான். மதிப்பெண் குறையும். குறையட்டும்.

உங்களுக்கு அவசரமானால் ஒரு வழக்கத்தைச் சொல்கிறேன். பெயர் படிக்கப்படும் பெண் அன்று ஆராதனைக்கு வரமாட்டாள். வீட்டில் மாப்பிள்ளைக்கு மதியச் சாப்பாடு சமைத்துக்கொண்டிருப்பாள். அதனால் முதல் பாட்டிலேயே பெஞ்சைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று எல்லோரும் நினைப்பார்கள். நான் குதிரைகளைக் கட்டும் இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டு வருகிறேன். நீங்கள் உள்ளே போங்கள். பெண்கள் பக்கம், கல்யாணமாகாதவர்கள் வரிசை.

அவள் இடம் காலியாக இருந்தால் சளியாகவும் இருக்கலாம். மூப்பர் வாயைத் திறக்கும்வரை உட்கார்ந்திருங்கள். மூன்று மணி நேரம் ஆகும். பெஞ்சில் சாய்ந்துகொள்ள எதுவும் கிடையாது.