கோட்டை வரைக்கும்

கல்யாண மகாலின் நிழலில் நின்று தனகோட்டி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்க்க ரஞ்சிதத்துக்குச் சிரிப்புதான் வந்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் இந்த மனிதர் செஞ்சிக் கோட்டைக்குள் இரண்டு தடவைக்கு மேல் நுழைந்து அவள் பார்த்ததில்லை. அதிலும் ஒரு தடவை, காணாமல்போன மாட்டைத் தேடிக்கொண்டு. இன்றைக்கு என்னவோ கோட்டையைக் கட்டியதே தன் பாட்டன்தான் என்கிற மாதிரி குதிரை லாயம், நெற்களஞ்சியம், யானைக்குளம் என்று ஒன்று விடாமல் காட்டுகிறார். ஒவ்வொன்றையும் காட்டி முடித்ததும் மணி பார்க்கிறார். பத்தரை. இரண்டு மணி வரைக்கும் ஓட்டியாக வேண்டும். அதற்குமேல் அவர்கள் சென்னைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

அவர்கள் என்றால் தனகோட்டியின் தங்கை வளர்மதி, அவள் புருஷன் ராஜாராம், காலேஜ் படிக்கிற மகள் தமிழினி. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் வளர்மதி வீட்டைவிட்டுப் போய் ராஜாராமைக் கட்டிக்கொண்ட அன்று, இனி இவள் என் வாசப்படியை மிதிக்கக்கூடாது என்றார் அவள் அப்பா கலியபெருமாள். பெற்றவள் செத்தபோதுகூட எல்லாம் முடிந்த பிறகுதான் சென்னைக்குத் தகவல் போயிற்று. இந்த ஆறு மாதமாகத்தான் அண்ணனும் தங்கையும் போனில் பேசிக்கொள்கிறார்கள். நேற்று மூன்று பேரும் வந்து வல்லம் காலனியில் ராஜாராமின் அண்ணன் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். விஷயம் காதுக்குப் போனதும் கிழவர் சுவரைப் பார்த்துக்கொண்டு மகனிடம் சொன்னார்: "கோட்டைய சுத்திக் காட்டு. சோறு போடு. அங்கேர்ந்தே அனுப்பிடு."

அதற்காக ரஞ்சிதம் விடியுமுன் எழுந்து புளிசோறு கிளறினாள். பொய்யும் அவள்தான் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறார்கள், உட்காரக்கூட இடமில்லை என்று டிக்கெட் கவுண்டர் பக்கத்திலேயே சொல்லிவிட்டாள். வளர்மதி ஒரு வினாடி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "செரி அண்ணி" என்றாள். ஏன், என்ன என்று இரண்டு வார்த்தை கேட்டுச் சண்டை போட்டிருந்தால் தேவலை. அந்த ஒரு 'செரி' ரஞ்சிதத்தின் மனசை அறுத்துக்கொண்டே இருந்தது.

ராஜாராம் சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர். ஐந்து பேருக்கும் அவரே முந்திக்கொண்டு டிக்கெட் எடுத்தார். வாய்க்கு வாய் மச்சான் என்றார். தனகோட்டி ஒவ்வொரு மச்சானுக்கும் ஒரு சாரைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இதுல எவ்ளோ நெல்லு புடிக்கும் மச்சான்?"

"அது இன்னா, ஊருக்கே வருஷத்துக்குக் காணும் சார்."

மாப்பிள்ளை என்று ஒரு தடவை வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும் என்று ரஞ்சிதம் நினைத்துக்கொண்டாள். ஆனால் அவளும்தான் காலையிலிருந்து அந்த மனிதரிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. இதில் யாரைச் சொல்லி என்ன?

எதிரே இருக்கிற ராணி கோட்டைமேல் ஏறலாம் என்று தமிழினிதான் சொன்னாள். தனகோட்டி உடனே சரி என்றார். ஏறி இறங்கினால் பொழுது போய்விடும். பங்குனி வெயிலில் கல்படி கொதித்தது. ரஞ்சிதம் நாலு இடத்தில் உட்கார்ந்து எழுந்தாள். மேலே கூம்பு வைத்த மண்டபத்துக்குள் நுழைந்ததும் காற்று வந்து புடவையை அள்ளியது. கீழே ஊர், வயல், குளம், ரோட்டில் ஊர்ந்த பஸ் எல்லாம் பரத்தி வைத்தாற்போலத் தெரிந்தன.

"அத்த, நம்ம வூடு எது?" என்றாள் தமிழினி.

நம்ம வீடு. ஒருநாளும் பார்த்திராத வீடு. ரஞ்சிதம் யோசிப்பதற்குள் பழக்கத்தில் விரல் நீண்டுவிட்டது. "சிங்கவரம் ரோட்டுல, அந்த டவரு பக்கத்துல, பச்ச மாடி."

தமிழினி செல்போன் கேமராவை நீட்டி, விரலால் படத்தை இழுத்து இழுத்துப் பெரிதாக்கினாள். ஏணி இல்லை, சாரம் இல்லை, வெள்ளை அடிக்கிற ஆளும் இல்லை. மாடி முழுக்க மல்லாட்டைக் கடலை காய்ந்தது. பெண் அத்தையை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கேட்டது வேறு. "யாரோ காக்கா ஓட்டறாங்க. தாத்தாவா?"

வளர்மதி போனை வாங்கினாள். முகமெல்லாம் தெரியவில்லை. ஒரு வெள்ளை வேட்டி, கையில் நீளக் குச்சி, இடது காலைச் சாய்த்துப் போடுகிற நடை. அவ்வளவுதான். "நைனாதான். கூன் உழுந்துடுச்சி" என்றாள். படம் ஆடியது. ராஜாராம் அவள் மணிக்கட்டைப் பிடித்து அசையாமல் நிறுத்தினார். தனகோட்டி முதுகைக் காட்டிக்கொண்டு எதிரே ராஜகிரி மலையைப் பார்த்து நின்றார். அவருக்கும் அழுகை வந்திருக்க வேண்டும்.

ரஞ்சிதம் தன் போனை எடுத்தாள்.

"யாருக்குப் போடற?" என்றார் தனகோட்டி.

"மாமாவுக்கு."

"வாணாம். டென்ஷன் ஆயிடுவாரு."

மணி அடித்தது. படத்தில் கிழவர் மடியைத் தடவினார். "இன்னாம்மா, சாப்டாங்களா?" என்றது குரல்.

அவர் முதலில் அதைத்தான் கேட்பார் என்று ரஞ்சிதம் நினைக்கவில்லை. "இன்னும் இல்ல மாமா. மல மேல கீறோம். நீங்க காக்கா ஓட்டறது இங்கேர்ந்து தெரியுது. வளரு பாத்துனு இருக்குது."

படத்தில் குச்சி நின்றது.

"வெள்ள அடிக்கறாங்கன்னு பொய் சொல்லிட்டேன். இனிமே என்னால ஆவாது மாமா. மூணு பேரையும் வூட்டுக்கு இட்டுனு வரேன்."

அவர் மலைப்பக்கம் திரும்பி நின்றார். இங்கிருந்து அவரைப் பார்க்கலாம். அங்கிருந்து அவருக்கு வெறும் மலைதான் தெரியும். பிறகு குச்சியைக் கீழே போட்டுவிட்டு மாடிப்படியில் இறங்கி மறைந்தார். போனை அணைக்கவில்லை. ரஞ்சிதத்தின் காதில் செருப்புச் சத்தம் படிபடியாகக் கேட்டு நின்றது. தெருக்கதவை வேப்பமரம் மறைத்திருந்தது.

"கதவ சாத்தப் போறாரா, இன்னான்னு தெரியலியே" என்றார் தனகோட்டி.

ரஞ்சிதத்துக்கும் தெரியவில்லை. சாப்பிடப் போவதென்றாலும் காக்கை ஓட்ட வேறு ஆளை நிறுத்திவிட்டுத்தான் அவர் மாடியைவிட்டு இறங்குவார் என்பது மட்டும் தெரியும். தமிழினி போனைத் திரும்ப வாங்கிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலி மாடியில் ஒரு காக்கை இறங்கியது. பின்னால் இரண்டு. பிறகு மல்லாட்டையே தெரியாதபடி கூட்டமாக வந்து விழுந்தன. ஓட்ட யாரும் வரவில்லை. வளர்மதி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுடுகிற படிகளில் வேகமாக இறங்கிப்போய்க்கொண்டிருந்தாள்.